வியர்வை: பொருந்தாது

போன சனிக்கிழமை பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டும் என்று என் மனைவி போயிருந்தார். பை தூக்க நான். முதலாளி நல்ல மனிதர். அடர்சிவப்பில் ஒரு துணியை மேசை முழுக்க விரித்துவிட்டு, "சாயம் போகவே போகாது தங்கச்சி, லேப்ல டெஸ்ட் பண்ணுன துணி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. முதலாளியின் முகம் சுருங்கியது. மனைவியின் முகம் அதைவிடச் சுருங்கியது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "அப்படி என்ன சிரிப்பு? நீங்களும் அந்த மாதிரி லேப்ல இருந்தவர்தானே?"

இருந்தவன்தான். அதனால்தானே சிரிப்பு!

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு துணிச் சோதனைக்கூடத்தில் உதவியாளன் நான். வெள்ளைக் கோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஹாலிஎலைக்கு லீவில் வந்தால் சொந்தக்காரர்கள் என்னை விஞ்ஞானி என்றே அறிமுகப்படுத்துவார்கள். விஞ்ஞானி என்ன செய்தார்? துணியைத் துவைத்தார். துணியைத் தேய்த்தார். துணியைக் கிழித்தார். இதையே கையால் செய்தால் கூலி வேலை. மெஷினில் செய்தால் ஆராய்ச்சி!

முறை ரொம்பச் சுலபம். சாயத் துணியோடு ஒரு வெள்ளைத் துண்டைச் சேர்த்துத் தைப்போம். சோப்புத் தண்ணீரில் போட்டுச் சுழற்றுவோம். வெள்ளையில் சாயம் ஒட்டவே இல்லையென்றால் ஐந்து மார்க். அப்பிக்கொண்டால் ஒன்று. விரல் மாதிரி ஒரு கம்பி வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து தேய்க்கும் — அதற்கும் மார்க். ஓட்டை விழுகிறவரை உரசிக்கொண்டே இருக்கும் மெஷின் ஒன்று — அது உறுதிக்கு.

கடைசியாக வியர்வைச் சோதனை. இதற்கென்று லேப்பிலேயே செயற்கை வியர்வை தயாரிப்போம். சிரிக்காதீர்கள், உண்மை! உப்பும் இன்னும் சிலதும் கலப்போம். அதில் ஒரு மருந்து மட்டும் சின்னக் குப்பியில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இறக்குமதித் தடை இருந்த அந்த வருடங்களில் வெளிநாட்டிலிருந்து என்னதான் வந்தது? குப்பி காலியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வியர்வை இல்லாமல் வியர்வைச் சோதனை எப்படி? எங்கள் பெரிய அதிகாரி ஒரு நிமிடத்தில் வழி கண்டுபிடித்தார். ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்துக்கு நேரே ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதச் சொன்னார். தமிழில் ஒரே சொல் — பொருந்தாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நீலத் துணி வந்தது. தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டுவார்கள் அல்லவா, அது பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். அதற்குப் பதில் நீல ஏப்ரன். யாரோ மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். துவைத்தேன் — நாலு. தேய்த்தேன் — நாலு. உரசினேன் — மெஷின்தான் களைத்தது, துணி களைக்கவில்லை. வியர்வை — பொருந்தாது. கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

இரண்டு மாதம் கழித்துத் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தொரை — அதுதான், தோட்டத்து மனேஜர் — எழுதியிருந்தார். ஏப்ரன் கட்டினால் உடம்பு அரிக்கிறது என்று பெண்கள் புகார் சொல்கிறார்களாம். மலிவான சோப்பும், சுத்தமாகக் குளிக்காததும்தான் காரணம் என்று அவரே கண்டுபிடித்துவிட்டாராம். அதை உறுதிப்படுத்த நாங்கள் ஓர் ஆளை அனுப்ப வேண்டுமாம்!

எனக்குத் தமிழ் தெரியும். அந்தப் பக்கத்து ஆள் வேறு. அனுப்பிவிட்டார்கள்.

காலைப் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம் அது. தூறல். வரிசையாக நீலம். ஒருவர் மட்டும் பழைய சாக்குப் படங்கோடு தனியாக நின்றார். பெயர் பேச்சாயி. முப்பது வயதிருக்கும். ஏப்ரன் கட்டாதவர்களுக்குப் பேர் கிடையாது — அன்றைக்கு வேலை இல்லை — என்பது தொரையின் உத்தரவு. நான்கு நாளாக அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாளும் வந்து நின்றார்.

ரிப்போர்ட்டை இவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்றார் தொரை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். துவைத்தால் ஐந்துக்கு நாலு, தேய்த்தால் ஐந்துக்கு நாலு...

"அப்ப பாஸாயிருச்சுங்களா?" என்றார் பேச்சாயி.

"ஆமா. நல்லாப் பாஸ்."

"வேர்வைக்கு எத்தன மார்க்குங்க?"

சத்தியமாக நான் அதை எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மை வந்துவிட்டது. "அது... பொருந்தாதுன்னு போட்டிருக்கு."

"யாருக்குங்க பொருந்தாது? எங்களுக்கு வேர்க்காதுங்களா?"

பின்வரிசையில் சிரிப்பு. கணக்கப்பிள்ளை இருமினார். நான் குப்பிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மருந்து வரவில்லை, அதனால் வியர்வை தயாரிக்க முடியவில்லை...

"அட, இவ்வளவுதானா?" என்றார் பேச்சாயி. "எங்களக் கேட்டிருந்தா குடுத்திருப்போமே ஐயா. ஒரு மலை ஏறி எறங்குனா ஒரு வாளி தர்றேன். அதுக்கு ஏன் வெளிநாட்டுக்கு எழுதுறீங்க?"

இந்த முறை தொரையைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பேச்சாயி சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலம். நீலத்தின் மேல் சிவப்பாகச் சொறிந்த தடிப்புகள்.

"துணிக்கு மார்க்கு குடுத்துட்டீங்க. எங்களத்தான் அழுக்குன்னு சொல்லிட்டாங்க. நீங்களே ஒரு நா கட்டிப் பாருங்க ஐயா."

தொரைக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "கட்டுங்கள், கட்டுங்கள்" என்றார். பேச்சாயியும் அன்று என்னோடு மலைக்கு வரலாம் என்று அனுமதி கிடைத்தது. இடுப்பில் நீலத்தைச் சுற்றிக்கொண்டு, முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு, விஞ்ஞானி மலை ஏறினார்.

நான் கொழுந்து பறித்த அழகை எழுதப்போவதில்லை. மழை வந்தது. வெயில் வந்தது. மறுபடி மழை. ஒன்பது மணிக்கு ஏப்ரன் உடம்போடு ஒட்டியது. பத்து மணிக்கு அரிப்பு ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு நான் படித்த படிப்பெல்லாம் மறந்து இரண்டு கையாலும் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தேன். லேப்பில் மெஷினுக்கு அரிக்கவே இல்லையே!

"சொறியாதீங்க, எரியும்" என்றார் பேச்சாயி. பிறகு, கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எனக்கு அரிச்சா நான் பொறுத்துக்குவேங்க. அதுக்காக ஒருத்தி அஞ்சு நா பேரில்லாம நிப்பாளா? ஆறு மாசப் புள்ள வச்சிருக்கேன். புள்ளக் காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு வர்றேன். பத்து மணிக்குப் பால் குடுக்கப் போனா, புள்ளயோட கன்னத்துல நீலம். வாயில நீலம். தொடச்சு எடுக்கவே பயமா இருக்கு. அது நல்ல சாயமா கெட்ட சாயமான்னு ஒங்க மிஷினு சொல்லிச்சுங்களா?"

சொல்லவில்லை. அப்படியொரு கட்டமே எங்கள் படிவத்தில் இல்லை.

கூடையைச் சரி செய்வதுபோல் திரும்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம், மலைத் தண்ணீர் கொட்டும் தோட்டத்துப் பீலியில் குளித்தேன். விலை கூடிய சோப்புதான் போட்டேன். வயிறு நீலமாகவே இருந்தது.

கொழும்புக்குப் போய் நாலு பக்கத்தில் ரிப்போர்ட் எழுதினேன். என் வெள்ளைப் பனியனையும் — அது இப்போது வெள்ளை இல்லை — சாட்சியாக இணைத்து, ஐந்துக்கு ஒன்று என்று மார்க் போட்டிருந்தேன். பெரிய அதிகாரி பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது அங்கீகரிக்கப்பட்ட வெள்ளைத் துணி இல்லையே" என்றார். ஃபைலில் வைத்தார். ஃபைலை அலமாரியில் வைத்தார். அலமாரியைப் பூட்டினார்.

பேச்சாயி இன்னும் இரண்டு நாள் பெரட்டில் நின்று பார்த்தாராம். பிறகு அவரும் நீலத்தைக் கட்டிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

ஆனால் ஒரு மாதத்துக்குள் எல்லாம் தலைகீழானது. எப்படி? நிறுக்கும் முன் கொழுந்தைக் கீழே கொட்டி முத்தல் இலை பொறுக்க வேண்டும். முன்பெல்லாம் சாக்குப் படங்கை விரித்து அதில் கொட்டுவார்கள். இப்போது விரிக்க ஏப்ரன்தான் இருந்தது. ஈர ஏப்ரனில் ஈரக் கொழுந்து. ஒருநாள் தொழிற்சாலையில் இலை வாட்டும் தட்டில் நீலக் கோடுகளைப் பார்த்த டீமேக்கர், அலறிக்கொண்டு தொரையின் பங்களாவுக்கு ஓடினாராம்.

பெண்களின் புகாருக்கு இரண்டு மாதமும் ஒரு கடிதமும் தேவைப்பட்டன. கொழுந்துக்கு இரண்டே நாள். தந்தி பறந்தது. ஏப்ரன்களை உடனே திருப்பி அனுப்பும்படி உத்தரவு வந்தது. காரணம்? "தேயிலையின் தரத்தைப் பாதுகாக்கும் பொருட்டு."

தோட்டத்தில் கட்டுக்கட்டாகக் குவித்து வைத்த ஏப்ரன்களைச் சரிபார்க்க மறுபடி என்னையே அனுப்பினார்கள். பேச்சாயி பழைய சாக்குப் படங்கில் இருந்தார். கை கொஞ்சம் ஆறியிருந்தது. பிள்ளை எப்படி என்று கேட்டேன். "தேறிருச்சுங்க" என்றவர், ஏப்ரன் குவியலை ஒரு பார்வை பார்த்தார்.

"கொழுந்துக்கும் அரிச்சிருச்சு போல. அது சொன்னா மட்டும் ஒடனே கேக்குறாங்க."

இத்தோடு முடிந்ததென்று நானும் நினைத்தேன். ஆனால் பாஸான துணியை யார் எரிப்பார்கள்? என் கையெழுத்து இருக்கிறதே!

அந்தத் தீபாவளிக்கு லீவில் ஊருக்கு வந்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் ஹாலிஎல பஸ்ஸுக்காக நிற்கிறேன். தெருக் கூட்டும் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். இடுப்பில் நீலம். அதே நீலம். ஒரு அம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு முழங்கையைச் சொறிந்தார்.

நான் பக்கத்தில் போனேன். "அரிக்குதாம்மா?"

"ஆமாங்க சார்" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாருக்கு எப்படித் தெரியும்? சார் எந்த ஆபீஸ்?"

நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதிய வீரன் நான். வாயைத் திறந்தேன்.

"நீர்ப்பாசனம்" என்றேன்.

"அப்ப கொஞ்சம் தண்ணி விடச் சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா. "கை கழுவணும்."