வியாழன் ஊற்றிய நைட்ரஜன்

டாக்டர் கவிதா இருந்தார். ஸ்டோர் பார்க்கும் ஃபைசால் இருந்தான். நைட்ரஜன் லாரி ஓட்டும் லிம் இருந்தார். நான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. ஜொகூரில் நான் துப்புரவு வேலை செய்யும் ஆய்வுக்கூடம். நடுவில், திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரில் உறைய வைக்கும் இடுப்பு உயரத் தொட்டி.

அளவுகோலை அடிவரை இறக்கி, எடுத்துக் காற்றில் வீசினேன். நைட்ரஜன் நின்ற உயரத்துக்குக் கோலில் வெண்பனி பிடிக்கும். முழங்கை உயரம் பிடிக்க வேண்டும். இரண்டு விரல்கூட இல்லை.

"எப்ப ஊத்துனீங்க அண்ணே?" என்றார் டாக்டர்.

"வியாழன்."

"வெள்ளிக்கிழமை ஊத்தலையா?"

கையெழுத்து நோட்டை எடுத்து நீட்டினேன்.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஞாயிறு விடுமுறை. நான் இங்கே வந்தபோது வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு வேலை. ஊருக்குப் போன் போட்டால் அங்கே கறி வேகும். நான் மாப்போடு நிற்பேன். பழக ஒரு வருடம் ஆனது. வியாழன் மாலை ஊற்று, ஞாயிறு காலை ஊற்று. எட்டு வருடம் அப்படித்தான். பிறகு ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. மாறிய புதிது. போன வாரம் பழைய பழக்கத்தில், வெள்ளி மாலை ஊற்ற வேண்டியதை வியாழனே ஊற்றி, நோட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். திங்களும் பொது விடுமுறை. மூடி விளிம்பில் பனி கட்டி, சரியாக மூடாமல் நைட்ரஜன் ஆவியானதையும் கவனிக்கவில்லை.

"அலாமாக்! எங்களவிட நீதான் பழைய ஜொகூர்க்காரன்," என்று ஃபைசால் மலாயில் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

தொட்டிக்குள் சின்னச் சின்னக் குழாய்கள். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் எலும்பு மஜ்ஜை. குணமான நோய் ஏன் திரும்புகிறது, மஜ்ஜையில் எந்த ஸ்டெம் செல்லில் ஒளிந்திருக்கிறது என்று டாக்டர் தேடுகிறார். அவர் ஜொகூரிலேயே பெக்கோக் ஊரில், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. படிப்பு முடித்து டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சி. மூன்று வருட உழைப்பு. மஜ்ஜை கொடுத்தவர்களில் சிலர் இப்போது இல்லை. திரும்ப வாங்க முடியாது.

ஒப்பிட, நோயில்லாத மஜ்ஜையும் வேண்டும் என்று முன்பு என்னிடம் கேட்டார். சம்மதத் தாளைத் தமிழில் படித்துக் காட்டினார். என் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். ஃபைசால் எனக்குத்தான் நோய் என்று நினைத்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து அழுதான். நான் விளக்கவில்லை. என் தம்பி இந்த நோயில்தான் போனான். அப்போதும் நான் இங்கேதான் இருந்தேன்.

லிம் இப்போது தொட்டியை நிரப்பினார்.

"மேல் தட்டுதான் முதல்ல சூடேறும்," என்றார் டாக்டர். "அதுல ஒன்ன உருக்கிப் பார்க்கணும். நூத்துக்கு எழுபது செல் உயிரோட இருந்தா மத்ததும் தப்பிச்சிருக்கும். ஆனா எதை எடுக்குறது? ஆளுக்கு ஒன்னுதான் இருக்கு."

"என்னோடது மேல் தட்டுதானே. எடுங்க."

"அதுவும் ஒன்னுதான் அண்ணே. அடுத்த மாசம் நீங்க ஊருக்குப் போறீங்களே லா."

"போறதுக்கு முன்னாடி மறுபடி குத்துங்க."

வேலை பெர்மிட் முடிந்து நான் போனாலும், அந்தக் குழாய் இங்கே இருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

என் குழாயை வெதுவெதுப்பான நீரில் உருக்கினார். நீலச் சாயம் விட்டார். செத்த செல் நீலமாகும். உயிருள்ளது ஆகாது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து, கையிலிருந்த எண்ணும் கருவியை அழுத்தினார். டிக், டிக். லிம் லாரிக்குப் போகாமல் நின்றார். ஃபைசாலின் உதடு அசைந்தது. நான் மாப்பைப் பிடித்துக்கொண்டேன்.

நூறு எண்ணி முடித்தார். இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணினார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

எழுபத்து மூன்று.