குப்புறப் படுத்திருந்தவனின் அணி

என் கூட்டாளி கண் ஆபரேஷன் முடிந்து குப்புறப் படுத்திருந்தான். கண்ணுக்குள்ளே திரை கிழிந்துவிட்டதாம். ஒட்டிவிட்டு உள்ளே காற்று அடைத்திருக்கிறார்கள். சில நாளைக்கு முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், கைப்பேசியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிறவன் அவன். லோரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“டேய், என் டீம நீதான் பாத்துக்கணும்” என்றான், தலையணையைப் பார்த்து.

கோலசிலாங்கூர்ப் பக்கம் தோட்டப் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் நாங்கள். இப்போது ஒருவன் ரவாங்கில், ஒருவன் ராசாவில், வாத்தியாராகிவிட்ட ஒருவன் புஞ்சாக் ஆலாமில். எங்களை இன்னமும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது ஒரு கைப்பேசி விளையாட்டு. இங்கிலாந்தில் நிஜமாகப் பந்து ஆடுகிறவர்களிலிருந்து ஆளுக்குப் பதினோரு பேரைப் பொறுக்கி அணி சேர்க்க வேண்டும். அங்கே அவர்கள் கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. கேப்டன் ஆக்கியவனுக்கு இரட்டைப் புள்ளி. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கெடு உண்டு; அதைத் தாண்டினால் அணி பூட்டிக்கொள்ளும், அழுதாலும் திறக்காது.

சீசன் முடிந்ததும் எங்களுக்குள் ஒரு வழக்கம். கடைசியாக வந்தவன் எல்லாருக்கும் சமைக்க வேண்டும். முதலாவதாக வந்தவன் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவான். மற்றவர்கள் அவனுக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டும். என் கூட்டாளி வருஷா வருஷம் சமைத்தவன். ஆட்டுக்கறி பிரட்டுவதில் அவனுக்கு வந்த கைப்பக்குவம் முழுக்க முழுக்கத் தோல்வியில் வந்தது. அப்படிப்பட்டவன் இந்த வருஷம் முதலிடத்தில் இருந்தான். அந்த நாற்காலிக்கு என்ன சட்டை போடுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தான்.

“நான் என்னா செய்யணும், சொல்லு.”

“ஒன்னும் செய்யாத. அதான் வேல. அந்த நெட்டையன் கேப்டனா இருக்கான் பாரு, அவன் மேல கைய வைக்காத. ஒன்னயப் பத்தித் தெரியும் எனக்கு.”

தெரிந்துமா என்னிடம் கொடுத்தான்? சும்மா இருக்கச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். என் அணியில் நான் விற்ற ஆள் அந்த வாரமே கோல் போடுவான். வாங்கிய ஆள் கக்கூஸ் போய்க் காலைச் சுளுக்கிக்கொள்வான். நான் யாரை வாங்குகிறேனோ அவனை விற்றுவிடு என்பது ரவாங்காரனின் கொள்கை. அவனுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சனிக்கிழமை மாலை ரவாங்கில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. போகிற வழியில் காருக்கு எண்ணெய் போட நிறுத்தியபோது கைப்பேசியைத் திறந்தேன். பயிற்சியில் நெட்டையன் நொண்டினான் என்று எவனோ எழுதியிருந்தான். நொண்டுகிற மாதிரி ஒரு படம் வேறு. மனிதன் நடக்கும்போது எந்தக் காலையும் அப்படிப் படம் பிடிக்கலாம் என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

“கெளம்புங்க, பின்னால காடி நிக்கிது” என்றாள் மனைவி.

“ஒருத்தன் வாழ்க்க என் கையில இருக்கு.”

“மொதல்ல அந்த எண்ணெக் குழாய எடுங்க.”

நெட்டையனைக் கேப்டன் பதவியிலிருந்து இறக்கி, ஒழுங்காக நடக்கும் இன்னொருவனை ஏற்றினேன். தற்காலிகமாகத்தான். கெடு ஏழு மணிக்கு; மண்டபத்துக்குப் போய், உண்மை நிலவரம் பார்த்து, தேவையென்றால் மாற்றிவிடலாம். மண்டபத்தில் பச்சைப்பட்டாணிப் புலாவுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தபோது, நெட்டையன் நன்றாக இருக்கிறான், ஆடுகிறான் என்று செய்தி. ஆறரை மணி. சிரித்துக்கொண்டே மாற்றப் போனேன். அணி பூட்டிக் கிடந்தது.

இங்கிலாந்துக்காரன் மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவான். நமக்கு இங்கே ஏழு மணிக் கெடு ஆறு மணியாகிவிடும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் எங்கள் யாருக்கும் அது ஞாபகத்தில் இருந்ததே இல்லை. இருக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. “கடிகாரத்த மாத்திட்டான், இனிமே ஆறு மணிடா எருமைங்களா” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் தவறாமல் போடுவான். அவன் அப்போது தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தான்.

நெட்டையன் மூன்று கோல் போட்டான். நான் ஏற்றிய கேப்டன் மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு பாதியில் வெளியே போனான். நன்றாகத்தான் நடந்து போனான்.

மறுநாள் நேரில் போய்ச் சொன்னேன். வழியெல்லாம் நான் தயாரித்த வசனத்தில் இங்கிலாந்து அரசாங்கம், கல்யாண வீட்டார், என் மனைவி எல்லாரும் குற்றவாளிகள். அவன் முதுகைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“மாத்திட்டேன்டா. நெட்டையன் மூனு கோல் போட்டுட்டான்.”



“மூனு கோலும் எப்பிடிப் போட்டான்?” என்று கேட்டான்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்தப் பக்கம் ஓடினான், எந்தக் காலால் அடித்தான், கோல்கீப்பர் எங்கே விழுந்தான் எல்லாம். அவன் தரைக்கு “ம்… ம்…” சொல்லிக்கொண்டிருந்தான். முடித்ததும், “பரவால்ல லா” என்றான். திட்டியிருந்தால் திரும்பத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

கண் தேறி, அவனே அணியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஆனால் சீசன் முடிவில் வாத்தியார் அவனை முந்திவிட்டான். இடைவெளி அந்த மூன்று கோலுக்குள் அடங்கிவிடும். எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் அடங்குகிறது. நாற்காலியில் வாத்தியார் உட்கார்ந்தான். கடைசி இடத்துக்காரன் நான், சமைத்தேன். கூட்டாளி புதுச் சட்டை போடாமல் பழைய டீ-சட்டையில் வந்து வாத்தியாருக்கு இலை போட்டான். கறி எப்படி என்று கேட்டேன். “உப்பு சரியா இருக்கு” என்றான். உப்பு சரியாக இல்லை.

ஆகஸ்டில் புதுச் சீசன் தொடங்கியது. அவன் சேரவில்லை. கேட்டால், “கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்கறேன்டா” என்கிறான். அந்தக் கண்ணோடுதான் லோரி ஓட்டுகிறான்.

போன சனிக்கிழமை மாலை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவனையும் அவன் மனைவியையும் பார்த்தேன். அவன் அப்பம் பாலேக் பலகாரம் வாங்க வரிசையில் நின்றான். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, நான் ஒரு கையில் கைப்பேசியும் ஒரு கையில் கரும்புச்சாறுமாக நின்றேன். அவன் மனைவி என்னிடம் வந்து சிரித்தாள்.

“அண்ணே, அந்தச் சனியன்கிட்டருந்து ஒருவழியா மீட்டுக் குடுத்திட்டீங்க. இப்பதான் சனிக்கெழம ஆனா வெளிய கூட்டிட்டுப் போறாரு. ஒங்களுக்குப் புண்ணியம்.”

தலையை ஆட்டினேன். வரிசையிலிருந்து அவன் திரும்பி, என் கைப்பேசியைப் பார்த்து, “யாருடா கேப்டன்?” என்று குரல் கொடுத்தான். சொன்னேன். உதட்டைப் பிதுக்கி, வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டு, முன்னால் நகர்ந்த வரிசையோடு நகர்ந்தான். யாரைப் போடலாம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவன் முறை வந்துவிட்டது.