மொட்டை போட்ட மாமாவும் மூஞ்சி மாற்றும் கிருமியும்

என் அக்கா புருஷனுக்கு எச்ஐவி. தினமும் மாத்திரை போட்டதால் கிருமி அடங்கித்தான் கிடந்தது. போன புரட்டாசியில் விரதம் கெட்டுவிடும் என்று மாமா அந்த மாதத்தில் பாதி நாள் மாத்திரை போடாமல் விட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிருமி கூடியிருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் மேடம் எங்கள் மூவரையும் உட்கார வைத்தார்.

"இந்தக் கிருமி தன்னையே காப்பி எடுக்கும் பாபு. அவசரத்துல தப்புத் தப்பா எடுக்கும். அதனால ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் வேற மூஞ்சி. தினமும் மாத்திரை போட்டா காப்பியே எடுக்க முடியாது. விட்டு விட்டுப் போட்டா, மாத்திரைக்கு அடையாளம் தெரியாத மூஞ்சி தப்பிச்சு பெருகும். அப்புறம் கூட்டமே அந்த மூஞ்சிதான், இந்த மாத்திரை வேலைக்கு ஆகாது. இன்னும் அப்படி ஆகல. திரும்ப விட்டா சொல்ல முடியாது. அர்த்தமாயிந்தா, புரிஞ்சுதா?"

"நான் பரீட்சையில காப்பி அடிச்ச மாதிரி, மேடம்" என்றேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

அடுத்த மாதமே மாமா மொட்டை வேண்டுதல் என்று திருமலைக்குக் கிளம்பினார். சாமியைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லையாம். அக்கா மாத்திரை டப்பாவை என் பையில் திணித்தாள்.

"ஒம்போது மணிக்கு முழுங்க வைக்கணும்டா. அவர கோட்ட வுட்டுட்டு வந்தா சோறு கெடையாது."

"சுருட்ட முடியும் கெடா மீசையும் வச்சிக்கினு அந்தாளு எங்கக்கா ஓடுவாரு?"

ஓடினார். மொட்டை அடிக்கும் கல்யாணகட்டா வாசலில் செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் வரவே இல்லை. நான் சுருட்டை முடியைத் தேடிக்கொண்டு நின்றேன். மீசையும் மழித்து, சந்தனம் பூசிய மொட்டைகள் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. அதில் ஒன்று மாமா என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. மேடம் சொன்ன ஏமாந்த மாத்திரை நான்தான். கிருமி மூஞ்சியை மாற்றிக்கொண்டு கண்ணெதிரேயே போய்விட்டது.

மணி ஒன்பது ஆகப்போகிறது. தொண்டை கிழியக் கத்தினேன்: "மாமோவ்!"

தமிழிலும் மாமாதான், தெலுங்கிலும் மாமாதான். அத்தனை மொட்டையும் திரும்பியது. ஒன்று மட்டும் குனிந்துகொண்டு வேகமாக நடந்தது. ஓடிப்போய் வேட்டியைப் பிடித்தேன்.

"எப்டிடா கண்டுபுட்ச்ச?"

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீ மட்டும்தான் ஓடின."

"விரதம்டா மச்சான். சாமி கோச்சிக்கும்."

"சாமிகிட்ட உண்டியல்ல போட்டு சமாதானம் பேசிக்கலாம். உள்ள கீற கிருமியும் உன்ன மாதிரி மொட்ட போட்டுக்கினா யார்கிட்ட பேசுவ?"

மாமா மொட்டையைத் தடவினார். பிறகு கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"துண்டப் பிடிடா. சாமி பாக்கக் கூடாது."

பிடித்தேன். மாத்திரை உள்ளே போனது.

"ஆ காட்டு மாமா."

நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினார்.