கல்லில் பத்துப் பேர் போதும்

சவரியம்மாள் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் முனிசிபல் குழாயடியில் மூன்றாவது குடத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ரஹ்மத் பீவி, பிரியாணிக் கடைக்காரர் வீட்டு அம்மா, குதிரை வண்டியை விட்டு இறங்காமலே கூப்பிட்டார். "லூர்தம்மா, சவரி மவுத்தாயிருச்சும்மா. காலையில டீத்தண்ணி கொண்டுபோனேன், எந்திரிக்கல." நான் வரிசையை விட்டு விலகவில்லை. குடம் நிரம்பும்வரை நின்றேன். தண்ணீர் வரிசையை எதற்காகவும் விடக் கூடாது என்று என்னிடம் சொன்னவரே அக்காதான். அழுகை வரும் என்று பார்த்தேன். அதற்குக்கூடத் தெம்பில்லை எனக்கு.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே தோல் ஷாப் சங்கத்துக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஜெயில் லைன் தெரு முனையில் ஒரு நினைவுக் கல் நடப்போகிறார்களாம். சிறைக்குப் போன பதினோரு பெண்களின் பெயரையும் அதில் வெட்டப்போகிறார்களாம். "அக்காகூட உள்ள இருந்தவுங்கள்ல எழுதத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். அவுங்களப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, கூட்டத்துல வாசிக்கணும். பேரையும் ஒரு தடவ சரிபாத்துருங்க" என்றார்கள். சரி என்றேன். எழுதி எழுதித்தான் என் காலம் போயிருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன்.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் புறம்போக்கில் எங்கள் குடிசைகள் இருந்தன. பெண்கள் பகலெல்லாம் தோலில் மயிர் சுரண்டுவோம். பொழுது சாய்ந்ததும் அங்கே வந்து விழுவோம். ஒருநாள் காலை முனிசிபாலிட்டி ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். ஆண்கள் பேச்சுவார்த்தைக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் நடுரோட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார், நிதானமாக ஒரு சிட்டிகை போட்டார். "ஏ, வந்து உக்காருங்கடி. கூரையப் பிரிச்சுட்டா அப்புறம் எங்க போய் உக்காருவீக?" பத்துப் பேர் போய் உட்கார்ந்தோம். மதியத்துக்குள் எங்கள் பதினோரு பேரையும் வேனில் ஏற்றினார்கள்.

எங்கள் ஊர்ச் சப் ஜெயிலில் அப்போது பெண்களுக்கென்று தனி அறை கிடையாது. பழைய காகிதக் கட்டுகள் போட்டுவைக்கும் அறையைக் காலிசெய்து எங்களை அடைத்தார்கள். மூலையில் ஒரு வாளி. அதற்கு மறைப்பில்லை. அக்காதான் தன் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்திக்கும் மறைவாக நிற்பார். "சீக்கிரம் முடிங்கடி, கை வலிக்குது" என்று திட்டிக்கொண்டே நிற்பார். கோபக்காரி. வாய் நீளம். யாரிடமாவது குடை இரவல் வாங்கினால் அது திரும்பி வராது. இதையெல்லாம் கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்லிவைக்கிறேன்.

ஆறாம் நாள் அதிகாரி எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டார். அக்கா பேசுகிறவர், நான் எட்டாவது படித்தவள், சங்கத்துக்கு மனு எழுதுகிறவள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார். "ரோட்ல உக்காந்ததுக்கு மன்னிப்பா? வேற எங்க உக்காரச் சொல்றீக?" என்று கேட்டுவிட்டு அக்கா சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்குமாமே, நீயே எழுது."

நான் எழுதினேன்.

செய்ததற்கு வருந்துகிறேன், இனிமேல் எந்த மறியலிலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று அழகாக, வரி கோணாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. என் இரண்டு வயது மகள் எரியோட்டில் தங்கை வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு அந்த வாளி நாற்றம் தாங்கவில்லை. தலையில் பேன். தூங்கி ஐந்து நாளாகியிருந்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை.

காகிதத்தை மடிக்கப் போனேன். அக்கா சுவர் ஓரத்திலிருந்து சொன்னார்: "செத்த நேரம் மை காயட்டும், லூர்து. அழிஞ்சுச்சுன்னா மறுபடி எழுதச் சொல்லுவாக." அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மை காய்ந்ததும் மற்றவர்களிடம் திரும்பிப் போகாமல் அப்படியே வெளியே போய்விட்டேன்.

மற்றவர்கள் இருபது நாள் இருந்தார்கள். அவர்கள் விடுதலையான அன்று சங்கமே மாலையோடு ஜெயில் வாசலில் நின்றது. நான் வராமலிருந்திருக்கலாம். வந்து, கூட்டத்தின் கடைசியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். காறித் துப்பினால் துப்பட்டும் என்றிருந்தது. அக்கா வெளியே வந்து, மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, சுற்றிலும் தேடி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "ஏ லூர்து! புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? ஒண்டியா கெடந்து என்ன பாடு பட்டியோ! நாந்தான போடின்னு அனுப்பிச்சேன்!"

என் மகளுக்குக் காய்ச்சலே வரவில்லை. ஆனால் பிள்ளைக்காக அதிகாரி இரக்கப்பட்டு விட்டிருப்பார் என்று நினைத்து, அந்த நிமிஷத்தில் கூட்டம் விலகி வழிவிட்டது. என் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது. அதிகாரியும் அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு அந்தக் காகிதத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அக்காவும் நானும்தான்.

குடிசை இழந்தவர்களுக்குக் கடைசியில் பத்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதுதான் இன்றைக்கு எல்லோரும் ஜெயில் லைன் என்று சொல்லும் தெரு. ஆண்கள் பெயரில்தான் எழுதுவோம் என்றது ஆபீஸ். அக்கா மூன்று மாதம் அந்தப் படியை மிதித்தார். மனுவெல்லாம் நான் எழுதினேன். குமாஸ்தா ஒருநாள் எரிச்சலோடு, "குடும்பத் தலைவர் யாருன்னு சொல்லும்மா, அவர் பேர எழுதுறேன்" என்றார். "ராத்திரி எல்லாரும் வந்தாச்சான்னு பாத்துக் கதவத் தாப்பாப் போடுறது யாரு? அவதான் தலைவர். எழுதுங்க" என்றார் அக்கா. கடைசியில் எழுதினார்கள். பத்து வீடும் பெண்கள் பெயரில். ஒன்று என்னுடையது. அக்காவுக்கு இல்லை. புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாத ஒற்றைப் பெண் குடும்பம் ஆகாதாம். அதற்கும் மனு எழுதினேன். பதிலே வரவில்லை.

அப்புறம் அக்கா வீடு தேடிய கதை. நான் கூடவே அலைந்திருக்கிறேன். "ஆம்பள யாரு?" என்பார்கள் முதலில். அதைத் தாண்டினால், "ஜெயிலுக்குப் போன பொம்பளையா?" என்பார்கள். ஒரு வீட்டில் முன்பணம் வாங்கியவர்கள் மறுநாளே திருப்பிக் கொடுத்தார்கள். ரஹ்மத் பீவி மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் பின்கட்டுச் சாவியை நீட்டினார். "எங்க வீட்லயும் ஆளுக இருக்கோம், தனியா கெடக்கோமேன்னு யோசிக்காத" என்றார். அந்த அம்மாளின் பெயரைக் கல்லில் வெட்ட யாருக்கும் தோன்றாது. நானாவது இங்கே எழுதிவைக்கிறேன்.

விடுதலையான நாளில் வருஷாவருஷம் ஜெயில் லைனில் களி கிண்டிச் சாப்பிடுவது உங்களுக்குத் தெரியும். உப்புக் குறைந்த கேழ்வரகுக் களி, கீரைத் தண்ணி, ஜெயிலில் போட்ட மாதிரியே. தட்டேந்தி வரிசையில் நிற்போம். அக்கா எனக்குத்தான் முதல் உருண்டையைப் போடுவார். ஒருவருஷம் களி கிண்டும்போது, வார்டு தேர்தலுக்கு என்னை நிறுத்தப்போவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவரைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனேன். "என்னால ஏலாதுக்கா. ஜெயிலுக்குப் போனவன்னு சொல்லி எப்படி ஓட்டுக் கேப்பேன்? ஒனக்குத்தான் தெரியும்ல" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றார். "அந்தக் காயிதத்துல நீ என்னத்த எழுதுனியோ. நான் கைநாட்டு. எழுத்துத் தெரிஞ்சவுகளக் கேளு." பொடியை உறிஞ்சிக்கொண்டார். "போ, களி அடிப்பிடிக்குது."

நான் தேர்தலில் நிற்கவில்லை. இரண்டு வாரம் என்னோடு பேசாமலிருந்தார். பிறகு ஒரு மனு எழுதவேண்டியிருந்தது, வந்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது. ஒரு நிமிஷத்தில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், அதைச் சுமந்தது நான். என் மேல் பிரியத்தில் சொன்னாரா, மனு எழுத ஆள் வேண்டும் என்று சொன்னாரா, எழுதத் தெரிந்தவளே மன்னிப்புக் கேட்டாள் என்றால் மற்றவர்கள் மனசு விட்டுவிடும் என்று சொன்னாரா? கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மூன்றும்தான்டி என்றிருப்பார். அவர் எப்போது கூப்பிட்டாலும் போனேன். வெயிலில், காய்ச்சலில், மகளின் பரீட்சை நாளில்கூட. நன்றிக்காகவா, பயத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியாமலே இத்தனை வருஷம் நடந்து கால் ஓய்ந்துவிட்டது. கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். கூட்டத்தில் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். என் வீடு குடிசை போனதற்குக் கிடைத்தது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். கல், இருபது நாளும் ஜெயிலுக்குள் இருந்தவர்களுக்கு. அதில் என் பெயர் வேண்டாம். பத்துப் பேர் போதும். முதல் பெயர் சவரியம்மாள். இந்த வருஷமும் களி நான்தான் கிண்டுவேன். அன்றைக்கு நீங்கள் எனக்கு ஒரு தட்டு நீட்டுவீர்களா என்பது உங்கள் இஷ்டம்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு வார்த்தையைத்தான். நான் கேவலப்பட்டு நின்ற நேரத்தில், என் காகிதம் கெட்டுப்போகக் கூடாதே என்று அவர் சொன்ன வார்த்தை. எழுதி முடித்துவிட்டேன். வாங்கிப் போக சங்கத்து ஆள் வாசலில் வந்து நிற்கிறார். செத்த நேரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மை இன்னும் காயவில்லை.