ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை

போன மாதம் என் மகளுக்கு வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டு, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் என் குடல்வாலை எடுத்தபோது நாலு விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, ஒன்பது நாள் படுக்க வைத்தார்கள். கல்யாணமாகி அப்போது நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை நர்ஸ் மிஸ்ஸி ஊசி போட்டுவிடுவார். வீட்டுக்குக் கிளம்பும்போது, மருந்து கொடுக்கும் டிரெசர் ஒரு பொட்டலம் வெள்ளை மாத்திரையை என் கணவரிடம் நீட்டினார்.

“ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போடணும். வலி வந்த பிறகு பார்த்துக்கலாம்னு இருக்காதீங்கம்மா. தாஹான் பண்றதுல ஒரு பெருமையும் இல்ல.”

நான் தலையை ஆட்டினேன். ஆனால் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் செய்தேன்.

காஜா பேராங்கில் எங்களுக்கு ஒரு வாடகைப் பலகை வீடு. அவர் டவுனில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். மாமனார் மாமியார் ரப்பர் தோட்டத்தில் இருந்ததால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். “சாப்பிட வாங்க”, “போயிட்டு வரேன்” என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளர்ந்திருக்கவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை அவர் அலமாரி உச்சியில் வைத்திருந்தார். எனக்குக் கை எட்டாது. எடுத்துத் தாருங்கள் என்று கேட்கக் கூச்சம். போட்டாயா என்று அவர் கேட்டபோது ‘ம்’ என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் வேலைவிட்டு வந்தபோது, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

“என்கிட்ட கேக்கறதுக்கு என்ன?” என்றார். அதட்டவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

அதிலிருந்து மாத்திரை அவர் பொறுப்பு. நண்பகல் மாத்திரைக்காக டவுனிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்து, நான் விழுங்கும்வரை நிற்பார். அரை மணியில் வலி எங்கேயோ பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதுபோல் இருக்கும். தலை லேசாகும், கட்டில் படகுபோல் ஆடும். கூடவே வாயும் அவிழ்ந்துகொள்ளும்.

“பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க மீசையப் பார்த்து மாட்டா மாட்டான்னு பயந்துட்டேன், தெரியுமா?” என்றேன் ஒரு நாள். மாட்டா மாட்டா என்றால் எங்கள் ஊரில் போலீஸ். “இப்பவும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.”

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நண்பகல் வந்தபோது மீசை இல்லை. மேலுதடு மட்டும் உரித்த கிழங்குபோல் வெளுத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. இழுத்தால் “அம்மா” என்பேன், அதற்கு இன்னும் சிரிப்பு வரும். அவர் பதறி ஒரு தலையணையை என் வயிற்றில் அழுத்திப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுச் சிட்டி அக்கா உள்ளே வந்தார். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். என் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“இது யாரு, உன் கொழுந்தனா? புருஷன் இல்லாத நேரத்துல வந்து கட்டிலாண்ட நிக்கிறான்?”

“நான்தான் அக்கா,” என்றார் அவர் பாவமாக.

அக்கா சிரித்த சிரிப்பில் கிண்ணம் குலுங்கியது. சிரிக்க வைக்காதீர்கள், தையல் பிரிந்துவிடும் என்று கெஞ்சினேன். யாரும் கேட்கவில்லை. என் கணவரே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் பல்வரிசையை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் மாத்திரை பாதியானது, பிறகு நின்றது. அந்தச் சனிக்கிழமை மூன்று சக்கர டிரைஷாவில் ஜாலான் பெண்டஹாராவுக்குக் கூட்டிப்போனார். தெரு முழுக்க மெர்டேக்காக் கொடியும் வண்ண விளக்கும். துணிக்கடையில் கிளிப்பச்சைச் சேலை ஒன்றைத் தொட்டுக் காட்டினார். என் தலை தெளிவாக இருந்தது, மருந்தின்மேல் பழிபோட வழியில்லை.

“எனக்கு இது பிடிக்கல,” என்றேன்.

“அப்ப நீயே எடு.”

ஐந்து சேலையைப் பிரிக்கச் சொல்லி, மஞ்சளில் ஒன்றை எடுத்தேன். திரும்பும் வழியில் டிரைஷா பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“வலிக்குதுங்க,” என்றேன்.

அவர் முன்னால் குனிந்து, டிரைஷாக்காரரை மெதுவாகப் போகச் சொன்னார்.