கணக்கில் காட்டிய காசு

காசில்லாதவனிடம், காசில்லை என்பதற்காகவே காசு பிடுங்குகிற இடம் வங்கி. கள்ளன்கூட வெறும் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் மனம் வெறுத்துத் திரும்பிப் போவான். வங்கி போகாது. கணக்கில் ஒன்றும் இல்லையா, சரி, அதற்கொரு கட்டணம் என்று போட்டுவிட்டுச் சம்பளம் வரும்வரை காத்திருக்கும். நான் இப்படிச் சொல்லத் தொடங்கினால் என் கணவருக்குப் பிடிக்காது. "சும்மா ஒப்பாரி வையாதையும்" என்பார். இது ஒப்பாரி இல்லை, வயிற்றெரிச்சல்.

அப்போது இந்த வெள்ளைக்கார நாட்டில், மனுகா என்ற ஊருக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் மகளோடு வாடகைக்கு இருந்தோம். நான் முதியோர் இல்லமொன்றில் வேலை. அவர் ஒரு பொருட்கிடங்கில். அங்கே இத்தனை மணித்தியாலம் வேலை தருவோம் என்று எவரும் உறுதி சொல்வதில்லை. காலையில் போனுக்குச் செய்தி வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். குளிர்காலம் தொடங்கியதும் செய்தி வருவது குறைந்தது. மனுசன் விடியவே குளித்து, சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி இருப்பார். பத்து மணிக்குமேல் சப்பாத்தைக் கழற்றி வைப்பார். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைத் திட்டுவது என்றும் தெரியாது.

இங்கே வாடகையும் சம்பளமும் வாரக் கணக்கு. வாடகை செவ்வாய்க்கிழமை கணக்கிலிருந்து தானாகப் போகும். என் சம்பளம் புதன்கிழமை விழும். அந்த ஒரு நாள் இடைவெளியில்தான் எங்கள் சோறு போனது. காசு போதாவிட்டால் வங்கி சிலவேளை வாடகையைப் போகவிட்டு, கணக்கை மைனஸில் இறக்கி, ஓவர்டிராஃப்ட் கட்டணம் என்று வெட்டும். சிலவேளை வாடகையைத் திருப்பி அனுப்பிவிட்டு அதற்கும் ஒரு கட்டணம் வெட்டும். அடுத்த கிழமை அந்தக் கட்டணத்தாலேயே வாடகைக்குக் காசு குறையும். மறுபடியும் கட்டணம். வாடகை நாளை ஒரு நாள் தள்ளித் தரச் சொல்லி வீட்டு ஏஜெண்டிடம் கேட்டேன். எல்லாருக்கும் செவ்வாய்தான் என்றாள். பிறகு அவளிடமிருந்தே நோட்டீஸ் வந்தது. இரண்டு கிழமைக்குள் வாடகைப் பாக்கி முழுவதையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டிவரும்.

கடன்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்று மனுகாவில் இருந்தது. அவர் வரமாட்டேன் என்றார். நான் தனியே போனேன். அங்கே இருந்தவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். என் வங்கிக் கணக்கின் தாள்களை விரித்து, மஞ்சள் பேனாவால் கட்டணங்களை மட்டும் கோடிட்டுக்கொண்டே போனார். தாள் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

"பாத்தீங்களா அக்கா? பேங்க் எடுத்த காசும் உங்க வாடகைப் பாக்கியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இத திருப்பிக் கேக்கலாம்."

"கேட்டா தருவினமோ?"

"கஷ்டத்துல இருக்கோம்னு கேட்டா குடுப்பாங்க லா. நெறைய பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். ஆனா கணக்கு எப்படி இருக்கோ அப்படியே காட்டணும். வெக்கப்பட்டீங்கன்னா ஒரு காசு வராது."

அவரே வங்கிக்குப் போன் செய்து திங்கட்கிழமைக்கு நேரம் எடுத்துத் தந்தார். கணக்கு இரண்டு பேருடைய பெயரிலும் இருந்தபடியால் கணவரும் வரவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே காட்ட வேண்டுமாம் என்பதையும் சொன்னேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு வங்கிக் கணக்கைக் காட்டுவதென்றால் அதில் காசு கிடக்க வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கிறவன் சொந்தக்காரரிடமும் தெரிந்தவரிடமும் கைமாற்றாகக் காசு மாறி, கணக்கில் போட்டு, வங்கியில் கடிதம் எடுத்தபிறகு அவரவர் காசை அவரவரிடம் கொடுத்துவிடுவான். அதே காசு அடுத்த கிழமை இன்னொருவன் கணக்கில் கிடக்கும். இதை ஒருவரும் களவு என்று நினைத்ததில்லை. 'காசு காட்டுறது' என்றுதான் அதற்குப் பெயர். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்ததும் அப்படிக் காட்டித்தான்.

திங்கட்கிழமை அவர் நல்ல சேர்ட்டைத் தேய்த்துப் போட்டார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரினார். கலியாண வீட்டுக்கோ போறம் என்று கேட்க வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். வங்கியில் எங்களைக் கூப்பிட்டு இருத்திய பெண்ணுக்குச் சின்ன வயது, சிரித்த முகம்.

"ஹவ் ஆர் யூ டுடே?" என்றாள்.

"குட், குட். வெரி குட்" என்றார் இவர்.

நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அந்தப் பெண் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மைனஸைக் காணவில்லை. கணக்கில் நல்ல காசு கிடந்தது. வேறு யாருடைய கணக்கையோ திறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். திரும்பி இவரைப் பார்த்தால், மனுசன் நிமிர்ந்து, நெஞ்சை விரித்துக்கொண்டு இருக்கிறார்!

என்ன காசிது என்று தமிழில் கேட்க, காதோடு சொன்னார். சனிக்கிழமை தன் சிநேகிதர் ஒருவரிடம் காசு மாறிக் கணக்கில் போட்டிருக்கிறார். கூட வேலை செய்து பழக்கமானவர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். அது அந்த மனிதர் தன் வீட்டுக் கடனுக்குக் கட்ட வைத்திருந்த மோர்ட்கேஜ் காசு. திங்கள் பின்னேரமே திருப்பித் தருவேன் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்.

கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது என்றாள் அந்தப் பெண். இப்போது கணக்கு ஒழுங்காக இருப்பதால் கட்டணங்களைத் திருப்பித் தர இடமில்லையாம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது எங்கள் காசில்லை, கைமாற்று, கைமாற்று என்று கதறாத குறையாகச் சொன்னேன். அவள் இவரைப் பார்த்தாள். இவர் குனிந்துகொண்டார். இன்னொரு முறை கஷ்டம் வந்தால் கட்டாயம் வாருங்கள் என்று எழுந்து கைகொடுத்தாள்.

கார் நிற்பாட்டிய இடம்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"உங்களுக்கென்ன விசரே? ஆரைக் கேட்டு இந்த வேலை பாத்தனீங்கள்?"

"வெறுங் கணக்கைக் கொண்டுபோய் நீட்டினா ஆரப்பா மதிப்பான்? விசாவுக்கும் இப்பிடித்தானே காட்டினனாங்கள்?"

"ஐயோ கடவுளே! விசாவுக்கு இருக்கெண்டு காட்டவேணும். இதுக்கு இல்லையெண்டெல்லோ காட்டவேணும்! இல்லாததையும் உங்களுக்கு ஒழுங்காக் காட்டத் தெரியாதே?"

கார்களுக்குள் ஏறப்போன சனம் நின்று பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன். அவர் கார்ச் சாவியை உள்ளங்கைக்குள் வைத்து நெரித்துக்கொண்டு நின்றார்.

சிநேகிதருக்குத் திருப்பிக் கொடுக்கவென்று மெஷினில் காசு எடுக்கப் போனால் முழுவதும் இல்லை. கடன் வாங்கிய காசு முதலில் மைனஸ் பள்ளத்தை நிரப்பியிருக்கிறது. மிச்சத்தில் மின்சாரக்காரன் தன் பங்கை அன்று காலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இருந்ததை வழித்தெடுத்துக் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை வாடகை திரும்பிப் போனது. அதற்கும் ஒரு கட்டணம். புதன்கிழமை வந்த என் சம்பளத்திலும் பாதியைச் சிநேகிதரின் மோர்ட்கேஜுக்குக் கொடுத்தோம். மற்றவனுடைய வீட்டுக்காசு, வைத்திருக்க முடியுமா? நோட்டீஸில் சொன்ன நாள் கடந்தது. பிறகு ஏஜெண்ட் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அடுத்த மாதம் வீட்டை விட்டோம்.

போன இடம் அதே சிநேகிதரின் கராஜ். வேறு யாரும் கேட்கவில்லை, அவர்தான் வாருங்கோ என்றார். தரைக்குக் கம்பளம் போட்டுத் தந்தார். கொடுக்க வேண்டிய மிச்சக் காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய மனைவி கறிச்சட்டியோடு வரும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது போய் ஒளிக்க வேண்டும் போலிருக்கும். மகள் பள்ளிக்கூட ஜாக்கெட்டோடு படுத்தாள். "மம், இட்ஸ் வெட்" என்று சுவரைத் தொட்டுக் காட்டினாள். தெரியும் பிள்ளை, படு என்றேன்.

மலேசியப் பெண் நடந்ததைக் கேட்டு முதலில் தலையில் கைவைத்தார். பிறகு வங்கியின் தலைமைக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். நான் அதை மறந்தே போன நேரத்தில், ஒரு நாள் பின்னேரம் வங்கியின் நகர மையத்து அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி போன் எடுத்தாள். கணவரோடு பேச வேண்டும் என்றாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"ஹவ் ஆர் யூ?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"நொட் குட், மேடம்" என்றார்.

பிறகு நிற்பாட்டவே இல்லை. உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். சப்பாத்தோடு செய்திக்குக் காத்திருந்ததை, கராஜை, ஈரச் சுவரை, மகளின் ஜாக்கெட்டை. எனக்குத் தெரியாததையும் சொன்னார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு வேலைக்கு நடந்தே போனாராம். வேலையிடத்தில் தந்தார்கள் என்று சொல்லி என்னிடம் வேண்டாமென்ற சாப்பாடு, ஒரு நாளும் அங்கே தந்ததில்லையாம். ஊரிலிருக்கும் கூடப்பிறந்ததுகளிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு வங்கிக்காரியிடம் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, மிகவும் வருந்துகிறேன், நல்லெண்ண அடிப்படையில் கட்டணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம் என்றாள். நல்லெண்ணமாம்! எங்களுடைய காசை எங்களுக்குத் தருவது அவர்களுடைய நல்லெண்ணம்.

போனை வைத்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப உமக்குச் சந்தோசமோ?"

'நொட் குட்' என்ற அந்த ஒரு வசனத்தைத்தானே அன்றைக்கு மேசைக்குக் கீழே காலை மிதித்துக் கேட்டேன்! இப்போது அது வாய்விட்டு வந்தபோது, ஏன் சொல்ல வைத்தேன் என்றிருந்தது. அந்த அதிகாரியைப் போய் அறைய வேண்டும் போலவும் இருந்தது. தேத்தண்ணி போட எழுந்தேன்.

காசு வந்தது. சிநேகிதரின் மிச்சக் கடனைக் கொடுத்தோம். பழைய வீட்டில் வேறு யாரோ ஜன்னல் சீலையை மாற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா போன் எடுத்தா. எப்படி இருக்கிறியள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் போனை என்னிடம் நீட்டினார். கராஜ் கதவுக்கு அப்பால் சிநேகிதரின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"ஓம் மச்சாள்" என்றேன். "ஒரு குறையும் இல்லை. நல்லா இருக்கிறம்."