பேஞாவும் பேனியாவும்

மிர்த்தா இபாஞெஸுக்கு ஐம்பத்தோரு வயது. பரானா நகரத்தில், ஒரு பல் மருத்துவரின் மேல்மாடியில் இருக்கிற எட்டுப் பேர் மென்பொருள் அலுவலகத்தில் பதினேழு வருடமாக நிரல் எழுதுகிறாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ரகம். ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அனுப்பியதை நான்கு முறை படிப்பாள். அப்படிப்பட்டவள் தன் கைவேலையை முந்நூற்று நாற்பது பேருக்குத் திறந்துவிட்டாள் என்பது அவளைத் தெரிந்தவர்களுக்கே ஆச்சரியம்தான்.

அது ஒரு நீட்சி. நிரல் எழுதும் செயலியோடு சேர்த்துக்கொண்டால், தினமும் கையால் செய்து அலுத்த சில்லறை வேலைகளை ஒரே விசையில் முடித்துக் கொடுக்கும். வரிகளை அடுக்கும், தேதிகளைத் திருப்பிப் போடும். பெயர் 'செபதோர்'. நாலு பேர் உட்கார்ந்து மாத்தே என்கிற மூலிகைத் தேநீர் குடிக்கும்போது, மற்றவர்கள் அசையாமலிருக்க, ஒரே குடுவையில் வெந்நீர் ஊற்றி ஊற்றி ஆளாளுக்கு நீட்டுகிறவருக்கு அந்தப் பெயர். அலுவலகத்தில் அந்த வேலையும் மிர்த்தா தலையில்தான்.

அதில் எல்லோருக்கும் பிடித்தது 'ஞ' விசை. ஸ்பானிஷில் ஓர் எழுத்தின் தலையில் நெளிவு போட்டால் 'ஞ', எடுத்துவிட்டால் வெறும் 'ன'. நெளிவைப் பார்த்தால் சில பழைய நிரல்கள் முரண்டு பிடிக்கும். அதற்காகச் சும்மா எடுத்துவிடவும் முடியாது. 'ஆஞோ' என்றால் வருடம்; 'ஆனோ' என்றால் ஆசனவாய். அலுவலகத்தில் யார் அதை எழுதுவது? அதனால் அங்கே நிரல் எழுதுகிறவர்கள் 'ஆனியோ' என்று எழுதிச் சமாளிப்பார்கள். மிர்த்தாவின் விசை எல்லா 'ஞ'வையும் ஒரே தட்டில் 'னி' ஆக்கிவிடும். மேற்கோள்குறிக்குள் இருப்பதை மட்டும் தொடாது, அது மனிதர்கள் படிப்பதற்கானது. மேற்கோள்குறி எங்கே என்று சோதித்துச் சோதித்து விலகிப் போக விசைக்குச் சற்று நேரம் பிடித்தது. எவனோ ஒருவன் "ஆமை" என்று கருத்து எழுதிவிட்டான். ரோஷம் வந்து, போன வியாழக்கிழமை அந்தச் சோதனையைச் சுருக்கிப் புதுப் பதிப்பு விட்டாள். சுருக்கியதில் சோதனையே செத்துப்போனது அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"செபதோர் எழுதினது நீங்கதானாம்மா? நான் யோலாந்தா, கொன்கோர்தியாலேருந்து. சிறுநீரகக்காரங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ற நிலையத்துல கம்ப்யூட்டர் வேலை பாக்குறேன்."

"சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை உங்க விசையை அழுத்தினேன். நோயாளிங்களைக் கூட்டிட்டு வர்ற காருக்கு அனுப்புற பட்டியல் நான் திறந்து வெச்சிருந்த கோப்புலதான் இருக்கு, பேரெல்லாம் மேற்கோள்குறிக்குள்ள. நூஞெஸ் நூனியெஸ் ஆயிட்டாங்க, பேஞா பேனியா ஆயிட்டாரு. பதிவேட்டுல அப்படி ஆளே இல்லன்னு சிஸ்டம் நாலு பேரைக் கழிச்சிடுச்சு. காலைல அவங்க வீட்டுக்கெல்லாம் காரே போகல."

"நாலு பேரும்?"

"மூணு பேரைப் புடிச்சிட்டோம். பேஞாதான் போனை எடுக்க மாட்டேங்கிறாரு. வெள்ளிக்கிழமை சுத்தம் பண்ணது, மூணு நாளாச்சு. தனியா இருக்கிற மனுஷன். இப்பத்தான் டிரைவரை அனுப்பியிருக்கேன். ஊருக்கு வெளிய, போய்ச் சேர நாப்பது நிமிஷமாவது ஆகும்."

மிர்த்தா போனை வைத்துவிட்டுப் பழைய பதிப்பைத் திருப்பி ஏற்றினாள். பக்கத்து இருக்கை உலீசெஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவ்வளவுதான், பேசாம விடு. தானா எல்லார்கிட்டயும் புதுப்பிச்சுக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஏற்கெனவே மாறின பேரு தானா திரும்புமா?"

"பட்டியலைக் கோப்புக்குள்ளயே எழுதி வெச்சது அந்தம்மா. அது உன் தப்பா?"

"இல்ல. ஆனா என்னை நம்பித்தான அழுத்துனாங்க."

நிரல் எழுதுகிற அதே செயலியில் முந்நூற்று நாற்பது பேருக்கும் எச்சரிக்கை எழுதினாள். நெளிவை எடுக்கிற விசையை அழுத்தியிருந்தால் உடனே ஆட்களின் பெயர்களைச் சரிபாருங்கள், தவறு என்னுடையது என்று எழுதி, அனுப்பியும் விட்டாள். எட்டிப்பார்த்த உலீசெஸ் சிரிப்பை அடக்கினான்.

"தாயே, கடைசி வரியைப் படி."

'மிர்த்தா இபானியெஸ்' என்றிருந்தது. எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில் விரல் தன் விசையைத் தட்டியிருக்கிறது.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "இதைவிடத் தெளிவா நான் என்ன சொல்லிட முடியும்?"

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. மாத்தே குடுவை ஆறிக் கிடந்தது, யாரும் அவளை ஊற்றச் சொல்லிக் கேட்கவில்லை. பார்த்தேயிராத ஒரு கிழவர் சமையலறைத் தரையில் விழுந்து கிடப்பதாக அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தான் ஒரு கொலைகாரி என்று பன்னிரண்டு மணிக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

பன்னிரண்டு ஐந்துக்குப் போன் அடித்தது.

"இருக்காரும்மா," என்றாள் யோலாந்தா. "காலு வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது. ஆனா கார்ல ஏத்தியாச்சு. டாக்டர் மெஷினைத் தயாரா வெச்சிருக்காரு."

"போனை ஏன் எடுக்கல?"

"அது வீட்டுக்குள்ள கெடக்கு. இவரு காலைல ஆறு மணிலேருந்து வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. கோட்டு போட்டுக்கிட்டு, பையை மடியில வெச்சுக்கிட்டு."

"கார் வரலன்னு ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கலாமே..."

"டிரைவரும் அதையேதான் கேட்டாராம். 'எனக்கு எழுபத்தொம்பது ஆச்சு, வயசுப் புள்ளைங்க மெஷினுக்குக் காத்துக்கிட்டு இருக்குதுங்க. என் பேரை எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். சரி, நியாயந்தானேன்னு உக்காந்துட்டேன்'னாராம்."

மிர்த்தா மேசையில் தலை கவிழ்ந்து, ஏழு பேர் பார்க்க அழுதாள்.

இப்போது செபதோரில் அந்த விசை இல்லை. திருப்பிக் கொடு என்று மாதம் ஒருவராவது எழுதுகிறார்கள், சிலர் திட்டியும் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் அவள் ஒரே பதில்தான் போடுகிறாள்: கையால் மாற்றிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பெயராகப் பார்த்து.